குறை கேட்டபின்

குறை இல்லாத தொழிலகம் உலகில் இல்லை. குறை சொல்லும் வாய்க்கும் பஞ்சமில்லை. இக்காலத்தில் குறை கேட்கும் செவிகளும் பெருகிவிட்டன. ஆலைகளிலும் அலுவலகங்களிலும் மனிதவளப் பிரிவு என்றொரு துறை இயங்குகிறது. அது ஆண்டுக்கொரு முறை வினாத்தாள் கொடுத்துப் பணியாளர்களின் கருத்தைத் திரட்டுகிறது. வாயிலருகே ஆலோசனைப் பெட்டி தொங்குகிறது. செல்பேசியிலும் கேள்விகள் வந்து சேர்கின்றன. இவ்வளவு வழிகள் ஏற்பட்ட பின்னரும், "சொல்லி என்ன ஆகப்போகிறது?" என்னும் பெருமூச்சு மட்டும் ஓய்ந்தபாடில்லை. கேட்கும் செவிக்கும் செய்யும் கைக்கும் இடையே வழி இல்லாமற் போனதே இதற்குக் காரணம் என்பது என் எண்ணம்.

தமிழில் 'கேள்' என்னும் சொல்லை எண்ணிப் பாருங்கள். அது வினவுதலையும் குறிக்கும், செவிமடுத்தலையும் குறிக்கும். அத்துடன் நில்லாமல் மூன்றாவதாக ஒரு பொருளும் அதற்கு உண்டு. "இவன் சொன்னால் கேட்கவே மாட்டான்" என்று ஒரு தாய் தன் பிள்ளையைக் குறித்துச் சொன்னால், அவன் செவிடன் என்றா நாம் பொருள் கொள்கிறோம்? காதில் விழுந்தும் அதன்படி நடக்கவில்லை என்றே பொருள் கொள்கிறோம். வினவுதல், செவிமடுத்தல், நடத்தல் ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் கேட்டல் நிறைவுறும். நம் நிறுவனங்கள் முதலாவதைத் திறம்படச் செய்கின்றன, இரண்டாவதை ஓரளவு செய்கின்றன, மூன்றாவதில் தடுமாறுகின்றன.

அரபியும் தமிழும் கற்பித்துக் காலம் கழிப்பவனுக்கு ஆலைகளைப் பற்றி என்ன தெரியும் என்று நேயர்கள் வினவக்கூடும். தெரிந்துகொள்ளும் வாய்ப்பு ஒன்று தற்செயலாகவே வந்தது. ஆம்பூர், வாணியம்பாடிப் பகுதிகளில் தோல் தொழில் தலைமுறை தலைமுறையாக நடந்து வருவதை நேயர்கள் அறிவார்கள். பதனிட்ட தோலை அனுப்பிய காலம் போய், காலணிகளாகவே தைத்து வெளிநாடுகளுக்கு அனுப்பும் காலம் வந்தபின், தையற் பிரிவுகளில் பெண்களே பெருந்தொகையினராக வேலை செய்கின்றனர். அத்தகைய ஆலை ஒன்றில், என்னிடம் அரபி இலக்கணம் பயின்ற மாணவர் ஒருவர் மனிதவள அதிகாரியாக இருக்கிறார். சில ஆண்டுகளுக்கு முன் அவர் ஒரு வினாத்தாளுடன் என்னைக் காண வந்தார்.

ஆங்கிலத்தில் ஆயத்தம் செய்யப்பட்ட அதனை எவரோ தமிழாக்கியிருந்தனர். "நிருவாகத்தின் வெளிப்படைத்தன்மை குறித்துத் தங்களது திருப்தி நிலை யாது?" என்பது முதல் வினா. ஒன்று முதல் ஐந்து வரையிலான எண்களில் ஒன்றை வட்டமிட வேண்டும். "ஹஜ்ரத், இதை நல்ல தமிழில் ஆக்கித் தரவேண்டும்" என்றார் அவர். "தம்பி, இது தமிழாகத்தான் இருக்கிறது, கேள்வியாகத்தான் இல்லை" என்றேன்.

அவர் வந்ததற்கு வேறொரு காரணமும் இருந்தது. முந்திய ஆண்டு நடந்த கருத்தறிதலில் 'குடிநீர் வசதி' என்ற தலைப்புக்கு மிகக் குறைந்த மதிப்பெண் கிடைத்திருந்தது. நிருவாகம் சும்மா இருக்கவில்லை. பெரும்பொருள் செலவிட்டுத் தண்ணீரைச் சுத்திகரிக்கும் இயந்திரம் வாங்கி வைத்தது. அதற்கு விழாவும் எடுத்தது. மறு கணக்கெடுப்பிலோ, குடிநீருக்கு அதே மதிப்பெண். "இயந்திரம் வாங்கிக் கொடுத்தும் திருப்தியில்லை என்றால் இவர்களைத் திருப்திப்படுத்த யாரால் முடியும்?" என்று மேலிடத்தில் சலித்துக்கொண்டார்களாம். முழுத் தாளும் வெறுமையாகத் திரும்பியவையும் பல. ஒரு தாளில் எண் எதையும் வட்டமிடாமல், குறுக்கே ஒரு வரி மட்டும் எழுதப்பட்டிருந்தது: "போன வருஷம் எழுதினதை எடுத்துப் பாருங்க."

அந்த ஒரு வரியை நான் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் கோபம் இருந்தது. ஆனால் கோபத்தினும் பெரிதான ஒன்று இருந்தது. சொல்லிச் சலித்தவரின் கடைசிச் சொல் அது. அடுத்த ஆண்டு அந்தக் கை எதையும் எழுதியிருக்காது.

வினாத்தாளை மாற்றினோம். எண்களைக் குறைத்தோம். "நீங்கள் வேலை நேரத்தில் வேண்டிய அளவு தண்ணீர் குடிக்கிறீர்களா? இல்லை என்றால், எதனால்?" என்று பேசும் தமிழில் கேட்டோம். எழுதத் தயங்குவோரிடம் சென்று பேசுவதற்கு ஆலையின் செவிலியரையும், தையற் பிரிவில் மூத்தவரான ஒரு பெண்மணியையும் மாணவர் அமர்த்தினார். ஆண்கள் போய்க் கேட்டிருந்தால் எக்காலத்திலும் கிடைத்திராத விடை அவர்களிடம் ஒரே நாளில் கிடைத்தது. "தண்ணி நல்லாத்தான் இருக்கு. குடிச்சா எழுந்து போகணும். டோக்கன் கிடைக்காதே" என்றார்களாம்.

ஒரு வரிசையில் ஏறத்தாழ முப்பது பெண்கள் தைக்கிறார்கள். கழிவறைக்குச் செல்ல அந்த வரிசைக்கு இரண்டே டோக்கன்கள். போனவர் திரும்பினால்தான் அடுத்தவர் எழலாம். மேற்பார்வையாளரின் முகக்குறிப்பையும் பார்த்தாக வேண்டும். இந்த அல்லலுக்கு அஞ்சிக் காலை முதல் மாலை வரை நாவை மட்டும் நனைத்துக்கொண்டிருந்தவர்கள் பலர். சிறுநீர்த் தொல்லையால் மருந்து உண்டவர்களும் அவர்களுள் உண்டு. வினாத்தாளில் கழிவறையைக் குறித்து எழுத நாணி, 'குடிநீர்' என்ற கட்டத்தில் தம் வேதனையை வட்டமிட்டிருக்கிறார்கள்! நிருவாகம் நடவடிக்கை எடுக்கவில்லை என்று சொல்ல முடியாது. எடுத்தது. ஆனால் நோய் ஓரிடம், மருந்து வேறிடம் என்பதாக அது முடிந்தது.

இதிலிருந்து ஒன்று தெளிவாகிறது. மதிப்பெண் என்பது கதவைத் தட்டும் ஓசை மட்டுமே. தட்டியவர் யார், அவருக்கு என்ன வேண்டும் என்பது கதவைத் திறந்து கேட்டால்தான் தெரியும். கணக்கெடுப்பு முடிந்த மறுநாளே செலவுக் குறிப்பு எழுத அமர்வதை விட, குறைந்த மதிப்பெண் பெற்ற இரண்டு மூன்று செய்திகளை எடுத்துக்கொண்டு, தக்கவரைக் கொண்டு மீண்டும் சென்று வினவுவதே மனிதவளப் பிரிவின் முதற்கடமை.

டோக்கன்கள் நீக்கப்பட்டன. எழுந்து செல்பவரின் இருக்கையில் அமர்ந்து தைக்க, வரிசைக்கு ஒரு மாற்றாள் நியமிக்கப்பட்டார். உற்பத்தி குறைந்துவிடும் என்ற அச்சம் மெய்ப்படவில்லை என்று மாணவர் பின்னர் சொன்னார். இயந்திரத்துக்கு ஆன செலவுடன் ஒப்பிட்டால் இதற்கு ஆனது சொற்பம்.

ஏனைய விடைகளை அவர் மூன்று கட்டுகளாகப் பிரித்தார். இப்போதே தீர்க்கக் கூடியவை ஒரு கட்டு: எரியாத விளக்கு, உடைந்த நாற்காலி, பசையின் நெடி வெளியேற வழியின்றி அடைத்துக் கிடந்த சன்னல் ஆகியவை. பணமும் காலமும் வேண்டுபவை இரண்டாம் கட்டு. அவை ஒவ்வொன்றுக்கும் பொறுப்பானவர் யார், எந்தத் தேதிக்குள் என்று எழுதப்பட்டன. இயலாதவை மூன்றாம் கட்டு. இந்த மூன்றாம் கட்டைத்தான் பெரும்பாலோர் மறைத்து வைக்கிறார்கள். 'இல்லை' என்று சொல்ல நாணி, 'பரிசீலனையில் உள்ளது' என்னும் போர்வையை அதன்மேல் போர்த்துகிறார்கள்.

என் மாணவர் அப்படிச் செய்யவில்லை. மலையடிவாரத்துக் கிராமம் ஒன்றிலிருந்து வரும் நான்கு பெண்கள், ஆலைப் பேருந்து தம் ஊர் வரை வரவேண்டும் என்று எழுதியிருந்தனர். நால்வருக்காக அவ்வளவு தொலைவு பேருந்தைத் திருப்பினால் மற்றவர்கள் வீடு சேர இருட்டிவிடும். அதனை அவர்களை அழைத்து உள்ளபடியே சொன்னார். "முடியாதுன்னு நேராச் சொன்னதே போதும் சார். நாங்க வேற ஏற்பாடு பார்த்துக்கிறோம்" என்று கூறி, நால்வரும் சேர்ந்து ஓர் ஆட்டோவை மாத வாடகைக்கு அமர்த்திக்கொண்டனர். காரணத்துடன் கூறப்படும் மறுப்பும் ஒரு பதில்தான். மௌனமோ பதிலாகாது, அது அவமதிப்பாகவே கொள்ளப்படும்.

மேற்பார்வையாளர் ஒருவரின் கடுஞ்சொல்லைப் பற்றியும் சிலர் எழுதியிருந்தனர். இங்கே இரண்டு எச்சரிக்கைகள் வேண்டியிருந்தன. பெயர் எழுதாத தாள் என்றாலும், கையெழுத்தே ஆளைக் காட்டிக் கொடுக்கும். பத்துப் பேர் உள்ள பிரிவில் 'எனக்கு இது ஏழாம் மாதம்' என்று ஒருவர் எழுதினால் பெயர் எதற்கு? ஆகவே மூலத் தாள்கள் மேற்பார்வையாளர்களின் கைக்குப் போகவில்லை. சாரம் மட்டுமே போயிற்று. எழுதியவர் நம்பி ஒப்படைத்த அமானிதம் அது. அதனைக் காப்பது நிருவாகத்தின் பொறுப்பு. இரண்டாவதாக, குற்றம் சாட்டப்பட்டவரின் கூற்றையும் கேட்டாக வேண்டும். கேட்டபோது, மணிக்கு இத்தனை இணை என்று மேலிருந்து அவரை நெருக்கிய நெருக்கடியும் வெளிவந்தது. அவரிடம் அதுவரை எவரும் எதையும் கேட்டதில்லை! அவர் கண்டிக்கப்பட்டார்; அந்த நெருக்கடியும் ஓரளவு தளர்த்தப்பட்டது.

முடிவில், சொன்னவை எவை, செய்தவை எவை, இயலாதவை எவை, ஏன் என்னும் நான்கையும் ஒரே தாளில் எழுதி, வேலை தொடங்கும் வேளையில் ஒவ்வொரு பிரிவிலும் உரக்கப் படித்தார்கள். அறிவிப்புப் பலகையில் ஒட்டுவதுடன் விடவில்லை. பலகையை நின்று படிக்க அங்கே யாருக்கு நேரம்? மறு ஆண்டு விடைகள் நீண்டன. குறைகளின் எண்ணிக்கையும் கூடியது. நிருவாகம் திகைத்தது. "இதற்காக நாம் மகிழவேண்டும்; நம்பிக்கை இல்லாதவர்கள் இவ்வளவு எழுதமாட்டார்கள்" என்று மாணவர் விளக்கினாராம். குறைகள் பெருகுவதைக் கண்டு அஞ்சுபவர்கள், வெற்றுத் தாள்களைக் கண்டு அஞ்சுவதில்லையே என்பதுதான் என் வியப்பு.

இவையெல்லாம் ஏதோ மேல்நாட்டுப் புதுக்கலை என்று எண்ண வேண்டியதில்லை. பழைய அரபு ஆட்சிமுறையில் 'மளாலிம்' என்னும் முறைமன்றம் ஒன்று இருந்தது. அதிகாரம் உள்ளவர்களால் பாதிக்கப்பட்ட எளியோரின் முறையீடுகளை ஆட்சியாளர் நேரில் அமர்ந்து கேட்பதற்கென ஏற்பட்டது அது. ஹிஜ்ரி 450-இல், அதாவது கி.பி. 1058-இல், மறைந்த இமாம் மாவர்தீ தம் 'அல்அஹ்காமுஸ் ஸுல்தானிய்யா' என்னும் நூலில் இதற்கெனத் தனி இயலே வகுத்துள்ளார். முறையீடுகளுக்கென ஒரு நாளை முதன்முதலில் ஒதுக்கியவர் கலீஃபா அப்துல் மலிக் என்றும், உமர் பின் அப்துல் அஜீஸ் அவர்கள் அப்பணியில் தாமே முனைந்து ஈடுபட்டார்கள் என்றும் அவர் குறிப்பிடுகிறார்.

அவர் கூறும் ஒரு விதி என்னைக் கவர்ந்தது. ஐந்து வகையினர் கூடியிராமல் அந்த மன்றம் நடைபெறலாகாது. வலியவரை அடக்கிக் கொணரும் காவலர், நடைமுறை அறிந்த நீதிபதிகள், ஐயம் நேர்ந்தால் தெளிவிக்கும் சட்ட அறிஞர்கள், நடந்ததைப் பதியும் எழுத்தர்கள், தீர்ப்புக்குச் சான்று பகரும் சாட்சிகள் என்போர் அவர்கள். இன்றைய ஆலையில் குறை கேட்க அமரும் குழுவை இந்த அளவுகோலால் அளந்து பாருங்கள். உத்தரவிடும் அதிகாரம் உள்ளவர் அதில் இருக்கிறாரா? விதிகளை அறிந்தவர் இருக்கிறாரா? தையலையும் பசையையும் கைப்பட அறிந்தவர் இருக்கிறாரா? சொன்னதை அன்றே எழுதுபவர் இருக்கிறாரா? நாளை 'இப்படி வாக்களித்தீர்கள்' என்று நினைவூட்டத் தொழிலாளர் தரப்பில் சாட்சி இருக்கிறாரா? மனிதவளப் பிரிவினர் மட்டும் தம்முள் கூடிக் கலைந்தால், அது எழுத்தர்கள் மட்டுமே அமர்ந்த மன்றமாகிவிடும்.

இன்னொன்று. அக்காலத்தில் முறையீட்டுச் சீட்டின் மீதே ஆட்சியாளரின் முடிவு சுருங்கிய சொற்களில் எழுதப்படும். அதற்கு 'தவ்கீஃ' என்று பெயர். இன்றைய அரபியில் அச்சொல்லுக்குக் கையொப்பம் என்று பொருள். வந்த சீட்டிலேயே பதிலும் எழுதப்படும் என்பதில்தான் எத்தனை நுட்பம்! கேள்வியும் விடையும் ஒரே தாளில் நிற்பதால், ஒன்றை விட்டு ஒன்றை மறைக்க இயலாது.

கேட்டும் செய்யாமல் விட்டதற்குத் தொழில் வரலாற்றில் ஒரு பெரிய சான்று உண்டு. அமெரிக்காவில் சிகாகோ நகரை அடுத்த வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் ஹாதார்ன் ஆலையில், 1928 முதல் 1930 வரை 21,000-க்கும் மேற்பட்ட தொழிலாளர்களைத் தனித்தனியே சந்தித்துப் பேசினார்கள். முதலில் வகுத்து வைத்த கேள்விகளைக் கேட்டார்கள். தொழிலாளர்களோ தம் மனத்தில் உள்ள வேறெதையோ பேச விரும்பினார்கள். எனவே அவர்கள் போக்கிலேயே பேசவிட்டுக் கேட்பது என்று முறையை மாற்றினார்கள். அதுவரை சரி. 1936-இல் இதன் தொடர்ச்சியாக ஆலோசகர்களை நியமித்தபோது, குறையைத் தீர்க்கும் அதிகாரம் அவர்களுக்குத் தரப்படவில்லை. கேட்பார்கள்; ஆறுதலாக இருப்பார்கள்; அவ்வளவே. இருபது ஆண்டுகள் நடந்து 1956-இல் அத்திட்டம் முடிவுற்றது. பேசியதால் மனப்பாரம் இறங்கியிருக்கலாம். பாரத்தை ஏற்றிய காரணம் அங்கேயே இருந்தது.

இதற்கு நேர்மாறான சான்றும் அந்நாட்டிலேயே உண்டு. கலிபோர்னியாவில் ஃப்ரீமாண்ட் என்னுமிடத்தில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் கார் ஆலை 1982-இல் மூடப்பட்டது. 1984-இல் ஜப்பானிய டொயோட்டா நிறுவனத்துடன் கூட்டாக அது மீண்டும் திறக்கப்பட்டது. அங்கே சேர்த்துக்கொள்ளப்பட்டவர்களில் பெரும்பாலோர் பழைய தொழிலாளர்களே. உற்பத்தி வரிசை நெடுகிலும் கயிறு ஒன்று கட்டப்பட்டிருந்தது. பழுது கண்ட தொழிலாளி அதை இழுத்தால் குழுத் தலைவர் உடனே வந்து நிற்பார். குறித்த நேரத்துக்குள் தீராவிட்டால் வரிசையே நின்றுவிடும். சொல்பவரின் கைக்கும் தீர்ப்பவரின் காலுக்கும் இடையே அக்கயிற்றின் நீளம்தான் தொலைவு. மனுநீதிச் சோழனின் அரண்மனை வாயிலில் தொங்கிய ஆராய்ச்சி மணி நம் நினைவுக்கு வரவில்லையா? பசு மணியை அசைத்தது என்பதன்று அக்கதையின் சிறப்பு. மணியோசை கேட்டு அரசன் எழுந்து வந்தான் என்பதே சிறப்பு.

நம் நாட்டுச் சட்டமும் இதனை ஓரளவு உணர்ந்திருக்கிறது. 2020-இல் இயற்றப்பட்டு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு, இருபதோ அதற்கு மேலோ தொழிலாளர்கள் உள்ள நிறுவனங்களில் குறைதீர்க் குழு இருக்கவேண்டும் என்கிறது. நிருவாகத் தரப்பிலும் தொழிலாளர் தரப்பிலும் உறுப்பினர் எண்ணிக்கை சமமாக இருக்கவேண்டும். பெண்களுக்கும் உரிய இடம் வேண்டும். முறையீடு வந்த 30 நாட்களுக்குள் விசாரணை முடியவேண்டும். சட்டம் நாளைக் குறிக்கலாம். நாணயத்தை மனிதர்கள்தான் கொண்டுவர வேண்டும். முப்பதாம் நாளில் 'முடிக்கப்பட்டது' என்று கோப்பில் எழுதுவது எளிது. முறையிட்டவரிடம் சென்று, "உங்கள் அல்லல் தீர்ந்ததா?" என்று கேட்ட பிறகே அவ்வாறு எழுதுவது என்று ஒரு நிறுவனம் விதி செய்துகொள்ளுமானால், அதுவே உண்மையான குறைதீர்ப்பு.

நேயர்களே! நம்மில் பெரும்பாலோர் ஆலை அதிபர்கள் அல்லர். ஆனால் நம்மில் பலருக்குக் கடை உண்டு. கடையில் இரண்டு பையன்கள் நிற்கிறார்கள். மதரஸாக்களையும் பள்ளிக்கூடங்களையும் நடத்துகிறோம். அங்கே ஆசிரியர்கள் இருக்கிறார்கள், சமையற்காரர் இருக்கிறார். வீட்டு வேலைக்கு ஓர் அம்மாள் வருகிறார். நம் பிள்ளைகளோ கடல் கடந்து அயலாரிடம் ஊழியம் செய்கிறார்கள். அவர்களுடைய குறையை அங்கே எவரேனும் கேட்கவேண்டும் என்று நாம் இங்கிருந்து ஏங்குகிறோம். அந்த ஏக்கத்தையே அளவுகோலாகக் கொண்டு, நம்மிடம் வேலை செய்பவர்களிடம் நடந்துகொண்டால் போதும்.

கேட்க மனமில்லாதவர் கேட்காமல் இருப்பது கூட ஒருவகையில் நேர்மை. கேட்டுவிட்டால் அது கடன். "உங்களுக்கு என்ன குறை?" என்று ஒருவரிடம் கேட்ட நொடியிலேயே, அவர் உள்ளத்தில் நாம் ஒரு நம்பிக்கையை விதைத்துவிடுகிறோம். அதைச் செய்து முடிப்பதோ, இயலாது என்று காரணத்துடன் சொல்வதோ, இன்ன நாளில் என்று தவணை கூறுவதோ, ஏதேனும் ஒன்றால் அக்கடனை அடைத்தாக வேண்டும். அடைக்காத கடனுக்கு வட்டியாக மௌனம் ஏறும். மௌனம் ஏறிய இடத்தில், ஒருநாள் நாமே போய் எவ்வளவு கெஞ்சிக் கேட்டாலும் வெற்றுத் தாளே திரும்பி வரும்.